தூளி கட்டலாம், ஆட்டக் கூடாது

எங்கள் சங்கத்தில் தரை உறுப்பினருக்குச் சொந்தம். ஏழடிக்கு மேலே இருக்கிற காற்று சங்கத்துக்குச் சொந்தம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல்தான் பச்சமுத்து தன் மகளைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தான்.

சங்கத்தின் முழுப் பெயர் 'செஞ்சி முக்கோட்டைக் குறுவீட்டுக் கூட்டுறவு வாழ்வகச் சங்கம்'. அதை எழுதிய பலகை எங்கள் வீடுகளைவிட நீளம். திருவண்ணாமலை சாலையில், ராஜகிரி மலையைப் பார்த்தபடி பன்னிரண்டு வீடுகள். ஒவ்வொன்றும் பத்துக்குப் பதினெட்டு அடி. கீழே அடுப்பு, கக்கூஸ், இரண்டு பேர் ஒருக்களித்துப் படுக்க இடம். மேலே ஏணி வைத்து ஏறிப் படுக்க ஒரு பரண். வாடகை வீட்டுக்காரனின் முகத்தில் விழிக்க வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காக நாங்கள் இங்கே வந்தோம். வந்த பிறகுதான் இது வீடு அல்ல, கொள்கை என்று தெரிந்தது.

நான் ஒன்பதாம் வீடு. பொன்னுசாமி. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பது தொழில். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அதனால் உறுப்பினர்களுக்காகச் சங்கத்துக்குக் காலையில் மனு எழுதுகிறவனும் நான்தான், மாலையில் அது நிராகரிக்கப்பட்டது என்று எழுதுகிறவனும் நான்தான். இரண்டையும் ஒரே பேனாவில்தான் எழுதுகிறேன்.

தலைவர் அரங்கநாதன் ஏதோ ஒரு துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். அது இப்போதுதான் கொஞ்சம் தேறி வருகிறது. செயலாளர் எழிலன் சென்னையில் கட்டடக்கலை படித்த இளைஞர், அளவெடுக்கும் டேப்பை இடுப்பில் செருகியிருப்பார். இரண்டு பேரும் குறுவீட்டில் குடியிருப்பவர்கள் அல்ல. தலைவருக்கு ஊருக்குள் இரண்டு மாடி வீடு. இதை ஒருவர் கூட்டத்தில் கேட்டே விட்டார். தலைவர் கோபப்படவில்லை. "சின்ன வீட்டோட அருமை தெரியணும்னா, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய வீடு வேணும். அந்தச் சிரமத்தை உங்க யாருக்கும் கொடுக்காம நானே ஏத்துக்கிட்டேன்" என்றார். நாங்கள் கை தட்டினோம்.

ஒவ்வொரு கூட்டத்தையும் அவர் ராஜகிரியைக் காட்டித்தான் தொடங்குவார். மூன்று மலையை வளைத்துக் கோட்டை கட்டின ராஜாவும் கடைசியில் ஆறடிக் கட்டிலில்தான் படுத்தார், அப்படியிருக்க உங்களுக்கு நூற்றெண்பது சதுர அடி எதற்கு என்று நான் பல நாள் யோசித்ததுண்டு என்பார். அவர் அதற்கு மேல் யோசிக்காமல் இருக்க வேண்டுமே என்று நாங்கள் வேண்டிக்கொள்வோம்.

மாதத்தின் முதல் ஞாயிறு அளவு நாள். எழிலன் டேப்போடு வீடு வீடாக வருவார். ஒரு வீட்டில் தரையைத் தொடும் கால்கள் பதினாறுக்கு மேல் இருக்கக் கூடாது. கட்டிலுக்கு நான்கு, நாற்காலிக்கு நான்கு, முக்காலிக்கு மூன்று என்று எண்ணிக் குறித்துக்கொள்வார். அந்த நேரத்தில் நாங்கள் வெளியே நிற்க வேண்டும், எங்கள் கால்களும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக. ஒரு முறை ஏழாம் வீட்டுக்காரர் வாங்கி வந்த கோழி இரண்டு காலால் வரம்பைத் தாண்டிவிட்டது. அன்று மதியமே அது குழம்பானது. விதி காப்பாற்றப்பட்டது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன்.

பச்சமுத்து நான்காம் வீடு. நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். பத்தொன்பது வருஷம் தகரக் கூரை வாடகை வீட்டில் இருந்துவிட்டு வந்தவன். இரண்டு வருஷம் நன்னடத்தையோடு இருந்தால்தான் வீட்டுக்கு நிரந்தரப் பத்திரம் கொடுப்பார்கள். அவனுக்கு இன்னும் எட்டு மாதம் பாக்கி. அதனால் எந்தத் தீர்மானத்துக்கும் முதலில் உயரும் கை அவனுடையது. தீர்மானத்தைப் படித்து முடிப்பதற்குள் தூக்கிவிடுவான். மூட்டை தூக்கின கை, உயரமாகவே போகும்.

அவன் மனைவி ரஞ்சிதம். ஒரே மகள் கவிதாவைத் தளவானூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, கை நிறைய வளையலோடு அழைத்து வந்தார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். இதை மாற்ற எந்தச் சங்கத்தாலும் முடியாது என்றுதான் ரஞ்சிதம் நினைத்தாள்.

நான்காம் நாள் காலை எழிலன் வந்தார். விருந்தாளி மூன்று நாள்தான் தங்கலாம் என்ற விதியை நினைவுபடுத்தினார். மரியாதையான பிள்ளை, குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு வழியும் அவரே சொன்னார். மூன்று நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்றுதான் இருக்கிறதே தவிர, போய்விட்டுத் திரும்பி வரக் கூடாது என்று எங்கேயும் இல்லை. ஆகவே ஒவ்வொரு நான்காம் நாளும் கவிதா கேட்டுக்கு வெளியே போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, புதிய விருந்தாளியாக உள்ளே வரலாம்.

அப்படியே நடந்தது. நிறைமாதம் நெருங்குகிற பெண், எதிர் டீக்கடையின் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சாலையோரம் லாரிப் புழுதியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு வருகைப் புத்தகத்தில் பெயர், ஊர், வந்த நோக்கம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வருவாள். நோக்கம் என்ற இடத்தில் 'பிரசவம்' என்று எழுதுவாள். ஐந்தாவது தடவை எழிலன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு கேட்டார். "அஞ்சு தடவையும் இதே நோக்கம்தான் போட்டிருக்கீங்க. இன்னும் நிறைவேறலையே?"

ஆறாவது தடவை அவள் அப்படி உட்கார்ந்திருந்தபோது தளவானூர் பக்கத்து பஸ்ஸிலிருந்து மாமியார் தைலம்மாள் பலாப்பழத்தோடு இறங்கினாள். மருமகள் நடுவெயிலில் கேட் ஓரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ரஞ்சிதம் ஓடி வந்து என்னென்னவோ விளக்கினாள். விதியை விளக்க விளக்க அது அவளுக்கே கேவலமாகக் கேட்டது. தைலம்மாள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"எடம் இல்லன்னா சொல்லிடுங்க சம்பந்தி, ஒண்ணும் தப்பில்ல" என்றாள். "எங்க வூட்டு வாசப்படியில ஒக்காந்தா ஏன்னு கேக்க ஆளில்ல. அடுத்த வெள்ளிக்கெழம வர்றேன். இதே மாரி இருந்துதுன்னா கூட்டினு போயிடறேன்."

பலாப்பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். ரஞ்சிதம் அன்று சாப்பிடவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பாதியில் திருப்பி அனுப்பினால், கவிதா கிழவியாகிற வரைக்கும் அந்த வீட்டில் ஏதாவது ஒரு பேச்சில் இது வந்துகொண்டே இருக்கும். அது எனக்கும் தெரியும். அவசரப் பொதுக்குழு கூட்டச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தேன். ஒன்று, கவிதா ஐந்து மாதம் தொடர்ந்து தங்க அனுமதி. இரண்டு, குழந்தைக்குத் தூளி கட்ட அனுமதி. தூளிக்கும் அனுமதியா என்று ரஞ்சிதம் கேட்டாள். தூளி கட்டும் கொக்கி எட்டடி உயரத்தில் இருக்கிறதே, அது சங்கத்தின் காற்றாயிற்றே என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

புதன்கிழமை கூட்டம் நடந்தது. முதல் சிக்கல் படிவம். கர்ப்பத்துக்கு என்று சங்கத்தில் படிவம் இல்லை. கொஞ்சம் நெருங்கி வருவது ஏழாம் படிவம்: 'ஏற்கெனவே உள்ளதன் விரிவாக்கம்'. அது ஜன்னலுக்கு வெயில் மறைப்பு போடுகிறவர்களுக்கானது. அதையே நிரப்பச் சொன்னார்கள். விரிவாக்கம் எந்தத் திசையில் என்ற கேள்விக்குக் கவிதா 'முன்பக்கம்' என்று எழுதினாள். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பக்க விரிவாக்கத்துக்கு எதிர்வீட்டு ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். எதிர்வீட்டு சாகிரா அங்கேயே எழுதிக் கொடுத்தாள்.

அடுத்து, பிறக்கப்போகிறவர் விருந்தாளியா, உறுப்பினரா, உடைமையா என்று விவாதம். விருந்தாளி என்றால் மூன்று நாளுக்கு ஒரு முறை வெளியே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். உறுப்பினர் என்றால் விண்ணப்பம் வேண்டும். உடைமை என்றால் பொதுச் சாமான்கள் வைக்கும் பகிர்வு அறையில் ஒப்படைத்துவிட்டுத் தேவைப்படும்போது சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் நடைமுறைக்கு ஏற்றது என்று சிலர் நினைத்தார்கள்.

தலைவர் எழுந்தார். "நான் குழந்தைகளுக்கு எதிரி இல்லை" என்று ஆரம்பித்தார். "எனக்கே ரெண்டு பேர். ஆளுக்கொரு ரூம் கொடுத்துத்தான் வளர்த்தேன். அதனாலதான் சொல்றேன், எடம் போதாது. குழந்தைங்கறது வளர்ற ஒண்ணு. இன்னிக்கு ஒண்ணரை அடி, நாளைக்கு அஞ்சரை அடி. வளர்ற எதையும் குறுவீடு தாங்காது. நாம ஏழைகளுக்காகக் கட்டின திட்டம் இது. ஏழைங்க வாழ ஆரம்பிச்சா திட்டம் கெட்டுடும்."

ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டேன். அவரும் பிறகு படித்துப் பார்த்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

தூளி விவகாரம் ஒன்றரை மணி நேரம் ஓடியது. எழிலன் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். சேலை நேராகத் தொங்கும்போது அது எடுத்துக்கொள்ளும் பொதுக்காற்று மிகக் குறைவு. ஆட்டும்போதுதான் இரண்டு பக்கமும் பரவி, மற்ற பதினோரு உறுப்பினர்களின் பங்கில் நுழைகிறது. குழந்தை அழுதால் என்ன செய்வது என்று ரஞ்சிதம் கேட்டாள். அழுகை ஏழடிக்குக் கீழே இருக்கும்வரை சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

தீர்மானத்தை நான் படித்தேன். தாய் தொடர்ந்து தங்க அனுமதி இல்லை. பழைய முறையே தொடரும். குழந்தையைப் பற்றிப் பிறந்த பிறகு பரிசீலிக்கப்படும். தூளி கட்டலாம், ஆட்டக் கூடாது. ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றேன். முதலில் உயர்ந்தது பச்சமுத்துவின் கைதான். பழக்கம். தூக்கின பிறகுதான் எதற்குத் தூக்கினோம் என்று அவனுக்குத் தெரிந்தது போலிருக்கிறது. அப்படியே கீழே இறக்கவும் தெரியாமல், பக்கத்திலிருந்த ரஞ்சிதத்தைப் பார்க்கவும் முடியாமல், கையைத் தூக்கியபடியே தலை குனிந்துகொண்டான். இடது கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, பேனாவோடு வலது கையை நானும் தூக்கினேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலை சாகிரா என் வீட்டுக்கு வந்தாள். அவள் சங்கத்தின் அனுபவ இல்லத்தைப் பெருக்கித் துடைக்கிறவள். அனுபவ இல்லம் என்பது வளாகத்தின் கடைசியில் இருக்கிற எண்ணூறு சதுர அடி வீடு. குறுவீட்டு வாழ்க்கையை நேரில் அனுபவிக்க வெளியூரிலிருந்து ஆய்வுப் பிரதிநிதிகள் வருவார்கள். முதலில் வந்தவர்களைக் குறுவீட்டிலேயே தங்க வைத்தார்கள். புரண்டு படுக்க முடியவில்லை என்று விடிவதற்குள் லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். அதனால் குறுவீட்டை வசதியாக ஆராய்வதற்கென்று ஏ.சி., அகலக் கட்டில், பதினோரு அடி உயரக் கூரை எல்லாம் வைத்து இந்தப் பெரிய வீட்டைக் கட்டினார்கள். அது முழுக்கவே பொது இடம் என்பதால் காற்றுக்குத் தனி விதி கிடையாது. தங்குவதற்கு நாள் கணக்கும் கிடையாது.

"அண்ணா, அந்த ஃபாரத்துல மூணே கேள்விதான் இருக்குது" என்றாள் சாகிரா. "பேரு, ஊரு, எதுக்கு வந்தீங்க. வெளியூர்க்காரங்களா இருந்தா போதுமாம். தளவானூரு வெளியூருதான?"

எத்தனையோ பேருக்கு மனு எழுதியிருக்கிறேன். அன்று எழுதியதைப்போல ஒன்றை எழுதியதில்லை. பெயர்: கவிதா. ஊர்: தளவானூர். நோக்கம்: குறுவீட்டு வாழ்வைக் குடும்ப நோக்கில் நேரடியாக ஆய்வு செய்தல். உடன் வருபவர்: ஒருவர், பின்னர் வந்து சேருவார். பிரதிநிதிகளின் விண்ணப்பத்தை யாரும் ஆராய்வதில்லை, பெருமைப்படுவதோடு சரி. மதியத்துக்குள் முத்திரை குத்தி வந்துவிட்டது. பச்சமுத்து பயந்து போனான். "பத்திரம் போயிடும் சாமி, வேணாம்" என்று கும்பிட்டான். ரஞ்சிதம் மகளின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை தைலம்மாள் வந்தபோது மருமகள் ஏ.சி. அறையில் அகலக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். மாமியார் மூக்கில் விரலை வைத்துக்கொண்டு நிற்கும்போதே, பிரதிநிதிக்குப் பொன்னாடை போர்த்தத் தலைவர் போட்டோக்காரரோடு உள்ளே நுழைந்தார். சங்கத்தின் புகழ் தளவானூர் வரை எட்டிவிட்டது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம். கட்டிலைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். தன் கையெழுத்து இருந்த அனுமதிக் கடிதத்தை நான் பணிவோடு நீட்டினேன். போட்டோக்காரர் ஏற்கெனவே ஒரு கண்ணை மூடிவிட்டார். தலைவர் பொன்னாடையைப் போர்த்தினார்.

ஒன்றரை மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. அனுபவ இல்லத்தின் உயரக் கூரையில் ரஞ்சிதத்தின் பழைய நூல் சேலையில் தூளி கட்டினார்கள். அது இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஆடியது. மண்டியிலிருந்து வந்து குளித்துவிட்டுப் பச்சமுத்து அதை ஆட்ட உட்கார்ந்தால், யாராவது வந்து சொல்கிறவரைக்கும் சாப்பிடப் போக மாட்டான். பத்தொன்பது வருஷ வாடகைக்காரனை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூன்று மாதம் முடிந்து, நல்ல நாள் பார்த்து, தைலம்மாள் ஆட்டோவோடு வந்தாள். கேட்டில் எழிலன் வருகைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்தவர் ஒருவர், வெளியே போகிறவர்கள் இரண்டு பேர். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளில் வாட்ச்மேன் 'பிரதிநிதி ஒன்று, துணி மூட்டை ஒன்று' என்று எழுதியிருந்தார். பின்னர் வந்து சேருவார் என்று சொன்னவர் வந்து சேர்ந்ததாகக் குறிப்பே இல்லை.

"உள்ள வராத ஒருத்தரை நான் எப்படி வெளிய அனுப்பறது?" என்றார் எழிலன். குரலில் உண்மையான வேதனை. "பொதுக்குழு கூடி முடிவெடுக்கிற வரைக்கும் குழந்தை உள்ளதான் இருக்கணும். நீங்க போகலாம்."

கவிதா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். எந்தப் புத்தகத்தைக் காட்டி இந்தக் குழந்தையை உள்ளே விட மாட்டேன் என்றார்களோ, அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு இப்போது வெளியே விட மாட்டேன் என்றார்கள். மனுவாக இருந்தால் நான் எழுதியிருப்பேன். ரஞ்சிதம்தான் முன்னால் வந்தாள்.

"வெளிய இருந்து வரலன்னா உள்ளயே இருக்கறவன்னுதான சார் அர்த்தம்?" என்றாள். "அப்போ இவன் இந்த வளாகத்து ஆளு. உறுப்பினர்னு எழுதிக்கோங்க. எங்க பேரனுக்கு ஒரு வூடு குடுங்க, நாங்க இருந்துட்டுப் போறோம்."

எழிலன் யோசித்தார். நான் பார்த்த வரைக்கும் அவர் டேப்பைத் தொடாமல் யோசித்தது அன்று ஒரு நாள்தான். பிறகு அவரே ஓடிப் போய்க் கேட்டைத் திறந்தார். ஆட்டோ போன பிறகு புத்தகத்தில் 'துணி மூட்டை ஒன்று, வெளியே' என்று எழுதினார்.

அடுத்த ஞாயிறு பொதுக்குழு. ஆய்வுப் பிரதிநிதி மனநிறைவோடு தங்கிச் சென்றதால், குறுவீடு பிரசவத்துக்கு உகந்தது என்று நிரூபணமாகிவிட்டதாகத் தலைவர் அறிவித்தார். பொன்னாடைப் படம் பெரிதாக்கப்பட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. கழுத்துக்குக் கீழே வெட்டியிருந்தார்கள். பிறகு ஒரே ஒரு தீர்மானம். இனிமேல் முன் அனுமதி பெறாத எந்தக் குழந்தையும் வளாகத்துக்குள் வரக் கூடாது. அனுபவ இல்லத்தில் உறுப்பினர்களின் உறவினர் தங்கக் கூடாது.

ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்று படித்துவிட்டு, பழக்கதோஷத்தில் நான் நான்காம் வீட்டைத்தான் முதலில் பார்த்தேன். சுற்றிலும் கைகள் உயர்ந்துகொண்டிருந்தன. பச்சமுத்து தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, ஒன்றை இன்னொன்றால் பிடித்துக்கொண்டிருந்தான். பத்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி. அவன் கை எழவில்லை.

தலைவர் காத்திருந்தார். எழிலன் காத்திருந்தார். கடைசியில், எழுதுங்கள் பொன்னுசாமி, ஏகமனதாக என்று தலைவர் சொன்னார்.

எங்கள் தீர்மானப் புத்தகத்தில் 'ஆதரவு' என்று மட்டும்தான் கட்டம் உண்டு. நான் எழிலனிடம் ஸ்கேலைப் பக்கத்தின் மேல் வைத்துப் பிடிக்கச் சொன்னேன். எதற்கென்று தெரியாமல் பிடித்துக்கொண்டார். பக்கத்தின் ஓரமாக ஒரு கோடு போட்டு, மேலே 'எதிர்ப்பு' என்று தலைப்பு எழுதி, கீழே ஒன்று என்று போட்டேன்.

அப்போதுதான் மற்றவர்களோடு தூக்கின என் இடது கை இன்னும் தூக்கியபடியே இருப்பதைப் பார்த்தேன். அதை இறக்கிவிட்டு, ஒன்றை இரண்டாகத் திருத்தினேன்.